மெயில் பில்டரில சொல்லு லிஸ்டும் தானா போற நோட்டிசும்: வன்னிப் பக்கத்து ஒபிசுகள் அடிக்கடி கேக்கிற கேள்வியள்

ஏ9 றோட்டோரமா இருக்கிற ரெண்டு மூண்டு சின்ன ஒபிசுக்கு மெயில் சேர்வர் பாக்கிறது என்ர வேலை. ஒரு கூட்டுறவுச் சங்கம், ஒரு தொழிற்பயிற்சி நிலையம், ஒரு தொண்டு நிறுவனம். போன் வந்தா ஒண்டில் 'தம்பி எனக்கு வரவேண்டிய மெயில் வரேல்ல' எண்டு வரும், இல்லாட்டி 'நான் அனுப்பாத மெயிலுக்கு எனக்கேன் நோட்டிஸ் வந்தது' எண்டு வரும். ரெண்டுக்கும் காரணம் கனதரம் இதுதான்: வாற மெயிலச் சலிக்கிற பில்டருக்கு, பிடிக்கவேண்டிய சொல்லுகள் எண்டு ஆரோ எங்கயோ எழுதின லிஸ்ட வாசிக்காமல் போட்டது, மெயில் மறிபட்டாத் தானா போற நோட்டிஸ் ஆருக்குப் போகுது எண்டு பாக்காமல் ஓன் பண்ணி விட்டது. திரும்பத் திரும்பச் சொல்லி வாய் நோகுது, அதால எழுதி வைக்கிறன். ஆளாளுக்குப் பாவிக்கிற மென்பொருள் வேற எண்டபடியா எந்தப் பட்டன் எங்க இருக்கு எண்டு சொல்லமாட்டன், உள்ளுக்க என்ன நடக்குது எண்டுதான் சொல்லுவன்.

லிஸ்டில உள்ள சொல்லு வந்தா மெயில் அழிஞ்சு போகுமோ?

அப்பிடிச் செய்யவும் ஏலும், ஆனா செய்யாதேங்கோ. நல்ல பில்டர் ஒண்டும் ஒரு சொல்லப் பாத்து முடிவெடுக்காது, சொல்லுக்குச் சொல்லு புள்ளி போட்டுக் கூட்டிப் பாக்கும். ஸ்பாம்அசாசின் எண்ட இலவச மென்பொருளில வழமையான எல்லை 5 புள்ளி, அவ்வளவு வந்தாத்தான் ஸ்பாம், அதாவது குப்பை மெயில். ஆர்ஸ்பாம்டி எண்டதில படி வைச்சிருக்கினம்: 4 வந்தா 'கொஞ்சம் பொறுத்துத் திரும்பி வா' எண்டு சொல்லும், 6 வந்தா மெயிலில அடையாளம் போட்டு உள்ள விடும், 15 வந்தாத்தான் வாசலிலயே மறிக்கும். இந்த எண்ணெல்லாம் நீங்கள் மாத்தலாம். சொல்லுக்கு எவ்வளவு போடுறது எண்டு கேட்டா, ஒண்டு ஒண்டரைக்கு மேல போடாதேங்கோ எண்டுதான் சொல்லுவன். சந்தேகமான மெயில அழிக்காமல் பிடிச்சு வைக்கிற இடத்த குவாரன்டைன் எண்டுவினம், எங்கட ஒபிசில அதுக்கு மறியல் எண்டு பேர், 'அண்ணை என்ர மெயில் மறியலில கிடக்கு, வெளிய எடுத்து விடுங்கோ' எண்டுதான் போன் வரும்.

மென்பொருளோட ஒரு பெரிய லிஸ்ட் வந்தது. அத அப்பிடியே போடலாமோ?

போடாதேங்கோ. முதல் ஒருக்கா வாசியுங்கோ, தேத்தண்ணி ஒண்டு ஊத்தி வைச்சுக்கொண்டு இருந்து வாசியுங்கோ. அந்த லிஸ்ட எழுதின ஆள் வன்னியக் கண்டதில்ல. 'ஆயுதம்' எண்ட தலைப்பில மைன், எக்ஸ்புளோசிவ், பொம் எண்டெல்லாம் இருக்கும், அவருக்கு அது பயங்கரமான சொல்லு, எங்களுக்கு அது பக்கத்துக் காணி. ஹலோ ட்ரஸ்ட் 2002ல இருந்து இஞ்ச கண்ணிவெடி எடுத்துக்கொண்டிருக்கு, முகமாலைப் பக்கத்த நினைச்சுப் பாருங்கோ, கச்சேரியில (மாவட்டச் செயலகத்தில) இருந்து வாற கூட்டக் குறிப்பு, பள்ளிக்கூடத்துக்கு வாற வெடிபொருள் விழிப்புணர்வுக் கடிதம் எல்லாத்திலயும் அந்தச் சொல்லு இருக்கத்தான் செய்யும். அந்த லிஸ்ட அப்பிடியே போட்டா எங்கட தொண்டு நிறுவனத்தின்ர பாதி மெயில் மறியலுக்குத்தான் போகும்.

உரமும் அப்பிடித்தான். நைட்ரேட் எண்ட சொல்லுக்கு சில லிஸ்டில கூடின புள்ளி, ஆனா கூட்டுறவுச் சங்கத்துக்கு வாற மெயில் முழுக்க யூரியாவும் நைட்ரேட்டும்தானே. 2021ல இரசாயன உரத்துக்குத் தடை வந்த நேரம் எல்லா மெயிலும் அதப் பத்தித்தான், அவசரம், உடனடி, கடைசித் திகதி எண்டு தலைப்புப் போட்டு வேற வரும், அந்தச் சொல்லுகளுக்கும் தனிப் புள்ளி இருக்கு.

மூண்டாவது காசு. வெஸ்டர்ன் யூனியன், மணி ட்ரான்ஸ்பர், டொனேசன், உறவினர், காணி உறுதி, இதெல்லாம் உலகத்துச் சுத்துமாத்து மெயில் எல்லாத்திலயும் வாற சொல்லுகள்தான், அதில பிழை இல்ல. ஆனா கனடா லண்டன் சுவிஸ் எண்டு இருக்கிற எங்கட சனம் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடக் காசு அனுப்பேக்கயும் அதே சொல்லுகளத்தான் எழுதும், வேற எந்தச் சொல்ல எழுதிறது. இந்தச் சொல்லுகள லிஸ்டில இருந்து எடுத்துப்போடுங்கோ எண்டு நான் சொல்லேல்ல, தனிய அதாலயே மெயில் விழக்கூடாது. காசுச் சொல்லும் இருக்கு, அனுப்பின விலாசமும் புதுசு, பதில் போற விலாசம் வேற, இப்பிடி மூண்டும் சேர்ந்தா மட்டும் மறியல் எண்டு விதி எழுதுங்கோ.

ஊர்ப் பேர் எழுதின மெயிலெல்லாம் பிடிபடுது, ஏன்?

சொல்லுக்குள்ள சொல்லு இருக்கிறதால. 1996ல ஏஓஎல் எண்ட இன்டர்நெட் கொம்பனியின்ர பில்டர் இங்கிலாந்தில ஸ்கந்தோர்ப் எண்ட ஊர்ச் சனத்தக் கணக்குத் திறக்க விடேல்ல, அந்த ஊர்ப் பேரின்ர நடுவில ஒரு கெட்ட வார்த்தை ஒளிச்சிருக்கு எண்டு. அதில இருந்து இந்தப் பிரச்சினைக்கே அந்த ஊரின்ர பேர்தான். எங்களுக்கு அங்க வரைக்கும் போகத் தேவையில்ல. அனலைதீவ இங்கிலீசில எழுதி முதல் நாலு எழுத்தப் பாருங்கோ. கிளிநொச்சிய ரெண்டு எல் போட்டு எழுதிற ஆக்கள் இருக்கினம், அதுக்குள்ள கில் எண்டு கொலைச் சொல்லு வந்திடும். முல்லைத்தீவு மாவட்டத்தில கொல்லவிளாங்குளம் இருக்கு, 'கொல்ல' எண்டு தமிழில ஒரு சொல்லு போட்டு வைச்சா அந்த ஊர் கிராம சேவையாளர் அனுப்பிற மெயில் எல்லாம் உள்ளுக்க. ஆஸ்பத்திரிக் கிளினிக் மெயிலும் பிடிபடும், ஸ்பெசலிஸ்ட் எண்டு இங்கிலீசில எழுதினா நடுவில சியாலிஸ் எண்ட மருந்தின்ர பேர் நிக்குது, அது ஸ்பாம் லிஸ்ட் எல்லாத்திலயும் இருக்கிற பேர்.

லிஸ்ட் போட முதல் உங்கட மாவட்டத்து ஊர்ப் பேர் எல்லாத்தையும் தமிழிலயும் இங்கிலீசிலயும் ஒரு மெயிலில எழுதி உங்களுக்கே அனுப்பிப் பாருங்கோ. பத்து நிமிச வேலை.

'முழுச் சொல் மட்டும்' எண்ட பெட்டிக்கு சரி போட்டாக் காணாதோ?

இங்கிலீசுக்குக் காணும். தமிழுக்கு எல்லா மென்பொருளிலயும் காணாது, இதுதான் கனபேருக்குத் தெரியாத இடம். தமிழில நாங்கள் ஒரு எழுத்து எண்டு நினைக்கிறது கொம்பியூட்டருக்கு ரெண்டு குறி. 'ண்' எண்டது ண, பிறகு புள்ளி. 'ணை' எண்டது ண, பிறகு ஐயின்ர குறி. சில மென்பொருள் இந்தப் புள்ளியையும் குறியையும் எழுத்தாக் கணக்கெடுக்காது, அதில சொல்லு முடிஞ்சுது எண்டு நினைச்சிடும். எங்கட கூட்டுறவுச் சங்கத்தில பணம், பணத்தை, பணத்துக்கு எல்லாத்தையும் ஒரேயடியாப் பிடிக்கலாம் எண்டு 'பண' எண்டு போட்டு முழுச் சொல்லுக்கும் சரி போட்டு விட்டனான், அப்பிடிப் போட்டா பணமே பிடிபடாது எண்டு யோசிக்கேல்ல. ரெண்டு நாளைக்குப் பிறகு கோழிப்பண்ணைக்காரர் அனுப்பின தீன் கணக்கு ஒண்டும் வரேல்ல. பண்ணை எண்ட சொல்லில ப, ண, பிறகு புள்ளி, அதில வெட்டிப்போட்டு 'பண' எண்டு முழுச் சொல்லு கிடைச்சிட்டுது எண்டு பில்டர் சந்தோசப்பட்டிருக்கு. பண்பு, பண்டாரவன்னியன் எல்லாம் அதே கதிதான்.

தமிழ்ச் சொல்லு லிஸ்டில இருக்கு, ஆனா மெயில் பிடிபடேல்ல. பில்டர் பழுதோ?

பழுதில்ல. ரெண்டு மூண்டு காரணம் இருக்கும்.

முதலாவது, பணம் எண்டு போட்டா பணத்தை பிடிபடாது, 'ம்' போய் 'த்' வந்திட்டுதே. பரிசு எண்டு போட்டா பரிசுத்தொகை பிடிபடும், பரிசை பிடிபடாது, ஏனெண்டா உ குறி போய் ஐ குறி வந்திட்டுது. அதால ஒரு சொல்லுக்கு நாலைஞ்சு வடிவம் எழுதத்தான் வேணும், நான் வழமையா எழுதிறது சும்மா நிக்கிற சொல்லு, ஐ சேர்ந்தது, க்கு சேர்ந்தது, இல சேர்ந்தது. வேர மட்டும் குடுத்துத் தப்பலாம் எண்டு பாத்தா பண்ணைக் கதைதான்.

ரெண்டாவது பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துரு. இஞ்ச இன்னும் எத்தினை ஒபிசில பாமினியில ரைப் பண்ணினம் எண்டு உங்களுக்கே தெரியும். திரையில பணம் எண்டு வடிவாத் தெரியிறது உள்ளுக்க ஜி, இசட், கே, அரைப்புள்ளி எண்டு நாலு இங்கிலீசுக் குறிதான். யூனிகோட்டில, அதாவது இப்ப எல்லாரும் பாவிக்கிற எழுத்து முறையில, எழுதின லிஸ்டுக்கு அது தமிழெண்டே தெரியாது. பாமினி வடிவத்தையும் லிஸ்டில போடலாம், ஆனா அரைப்புள்ளி சில மென்பொருளில ஒரு சொல்லையும் அடுத்த சொல்லையும் பிரிக்கிற குறி, அதில போய்ச் சொல்லு ரெண்டா உடைஞ்சிடும், அந்த மென்பொருளின்ர கைநூலப் பாத்துச் செய்யுங்கோ.

மூண்டாவது, 'கொ' எண்டத ஒரே குறியாவும் எழுதலாம், கொம்பு ஒண்டு கால் ஒண்டு எண்டு ரெண்டு குறியாவும் எழுதலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்டு, ஒப்பிட்டுப் பாக்கிற மென்பொருளுக்கு வேற வேற, அது முதலே ரெண்டையும் ஒரே வடிவத்துக்கு மாத்தாட்டி. கொ, கோ, கௌ வரிசைச் சொல்லு ஒண்டு மட்டும் பிடிபடேல்ல எண்டா இத யோசியுங்கோ.

இங்கிலீசு எழுத்தில தமிழ் எழுதினா?

விட்டிடுங்கோ. காசு எண்டதுக்கு ஒரு ஏ போடுற ஆளும் இருக்கு ரெண்டு ஏ போடுற ஆளும் இருக்கு, அதப் பிடிக்க லிஸ்ட் எழுதினா உங்கட ஆக்களின்ர மெயில்தான் முதல் பிடிபடும். அதுக்கு பேசியன் எண்ட, பழக்கிப் படிப்பிக்கிற முறைதான் சரி. ஸ்பாம்அசாசினில அது வேலை தொடங்க 200 ஸ்பாமும் 200 நல்ல மெயிலும் காட்டிக் குடுக்கோணும். கனபேர் ஸ்பாம மட்டும் காட்டிப்போட்டு ஏன் வேலை செய்யேல்ல எண்டு கேக்கினம். நல்லதையும் காட்டுங்கோ.

ஸ்கான் பண்ணின கடிதம், படம், இதுக்குள்ள இருக்கிற சொல்லு?

படத்த வாசிக்கிற வசதி தனியா இல்லாட்டி சொல்லு லிஸ்டுக்குப் படம் வெறும் படம்தான்.

லிஸ்ட எதில எழுதி வைக்கிறது? நோட்பாட் காணுமோ?

காணும், ஆனா சேமிக்கேக்க யூரிஎஃப்-8 எண்டு, தமிழ் எழுத்து கெடாமல் சேமிக்கிற முறை, இருக்கா எண்டு பாருங்கோ. விண்டோஸ் 10ல 2019ல வந்த 1903 பதிப்புக்குப் பிறகுதான் நோட்பாட் தானா யூரிஎஃப்-8ல சேமிக்கத் தொடங்கினது, எங்கட பக்கம் இருக்கிற பழைய மெசினுகளில ஆன்சி எண்டு தமிழ் தாங்காத பழைய முறைதான் கிடக்கும்.

இதில நான் பட்டது சொல்லுறன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கரண்ட் போகப் போகுது எண்டு அந்தரப்பட்டு, தொழிற்பயிற்சி நிலையத்துப் பழைய கொம்பியூட்டரில லிஸ்டுக்குப் பன்ரெண்டு தமிழ்ச் சொல்லுச் சேத்தன். சேமிக்கேக்க ஏதோ எச்சரிக்கை வந்தது, யூனிகோட் எழுத்துகள் இல்லாமப் போகும் எண்டு, நான் வாசிக்காமல் ஓகே குடுத்திட்டன். தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியா மாறிட்டுது, பணம் எண்டது நாலு கேள்விக்குறி. சும்மா கேள்விக்குறி எண்டாப் பறவாயில்ல, அந்த மென்பொருளில கேள்விக்குறிக்கு 'எந்த எழுத்தாவது ஒண்டு' எண்டு அர்த்தம். நாலு கேள்விக்குறி எண்டா எந்த நாலு எழுத்தும். நாலு எழுத்து இல்லாத மெயில் உலகத்தில எங்க இருக்கு?

திங்கக்கிழமை காலமை எட்டு மணிக்குப் போனா இன்பொக்ஸ் துண்டறக் காலி, எல்லாம் மறியலில. அதோட விட்டாலும் காரியமில்ல, 'உங்கள் மடலில் தடைசெய்யப்பட்ட சொல் உள்ளது' எண்ட நோட்டிஸ் வேற அனுப்பின எல்லாருக்கும் போயிருக்கு. ரொறன்ரோவில இரவு பத்து மணிபோல, அங்க இருந்து பள்ளிக்கூடத்துக்கு உதவி செய்யிற ஒரு ஐயா போன் எடுத்து, 'தம்பி, நான் அப்பிடி என்ன கெட்ட வார்த்தை எழுதினனான்' எண்டு கேட்டார். எழுதினது தைப்பொங்கல் வாழ்த்து. நான் என்னத்தச் சொல்ல.

அதே மாதிரி லிஸ்டின்ர கடைசியில வெறும் வரி ஒண்டு விடுறதும் ஆபத்து, சில மென்பொருளுக்கு வெறும் வரி எண்டா எல்லாத்தோடயும் பொருந்தும். சேமிச்ச உடன கோப்ப மூடிப்போட்டுத் திரும்பத் திறந்து தமிழ் தமிழாத்தான் இருக்கா எண்டு பாருங்கோ. புதுச் சொல்லு எதையும் முதல் ஒரு கிழமை 'எண்ணிக்கை மட்டும்' எண்டு விடுங்கோ, மெயில மறிக்காது, எத்தினை மெயிலில பட்டது எண்டு மட்டும் சொல்லும்.

மெயில மறிச்சா அனுப்பின ஆளுக்கு நோட்டிஸ் அனுப்பிறதுதானே மரியாதை?

கேக்க மரியாதை மாதிரித்தான் இருக்கும். பிரச்சினை என்னெண்டா, ஸ்பாம் மெயிலில அனுப்பினவர் எண்டு இருக்கிற விலாசம் பெரும்பாலும் களவெடுத்த விலாசம். நீங்கள் அனுப்பிற நோட்டிஸ் அந்தக் கள்ளனுக்குப் போறேல்ல, ஒண்டும் அறியாத வேற ஒரு ஆளுக்குப் போகுது. 'நான் அனுப்பாத மெயிலுக்கு ஏன் நோட்டிஸ்' எண்டு கேக்கிற ஆக்கள் இவைதான். இதுக்கு பாக்ஸ்கட்டர் எண்டு பேர். 2003ல சோபிக், 2004ல மைடூம் எண்டு வைரசுகள் ஓடின நேரம் வைரசால வந்த மெயில் ஒரு பக்கம், 'உங்கள் மெயிலில் வைரஸ் இருந்தது' எண்டு பில்டருகள் பிழையான ஆக்களுக்கு அனுப்பின நோட்டிஸ் மற்றப் பக்கம் எண்டு உலகமே நிறைஞ்சு போச்சு. இண்டைக்கு அப்பிடிக் கனக்க அனுப்பினா உங்கட சேர்வர் விலாசத்தையே தடை லிஸ்டில போடுவினம், பிறகு நீங்கள் கச்சேரிக்கு அனுப்பிற உண்மையான மெயிலும் போகாது.

அப்ப நல்ல ஆள் ஒருத்தரின்ர மெயில் மறிபட்டா அவருக்கு எப்பிடித் தெரியும்? வாசலில மறிக்கோணும். தபால் கந்தோர் கவுண்டரில நிண்டு 'இத எடுக்கமாட்டம்' எண்டு கொண்டு வந்தவரின்ர கையிலயே திருப்பிக் குடுக்கிறது ஒண்டு, வாங்கி உள்ள வைச்சுப்போட்டு பேந்து கவரில எழுதியிருக்கிற விலாசத்துக்குத் திருப்பி அனுப்பிறது இன்னொண்டு. முதலாவதில பிழையான ஆளுக்குப் போகாது. மெயிலில இதுக்கு 550 எண்ட மறுமொழி இருக்கு, மெயில் வந்துகொண்டிருக்கேக்கயே உங்கட சேர்வர் 550 எண்டு சொல்லும், அனுப்பினவரின்ர சேர்வரே அவருக்கு அறிவிக்கும். நல்ல ஆள் எண்டா அவருக்கு விளங்கும், கள்ளன் எண்டா ஒருத்தருக்கும் கரைச்சல் இல்ல. உள்ள எடுத்திட்டீங்கள் எண்டா வெளிய நோட்டிஸ் அனுப்பாதேங்கோ, உங்கட ஒபிசில அந்த மெயில் ஆருக்கு வந்ததோ அவருக்கு மட்டும் சொல்லுங்கோ.

ஒரே இரவில ஆயிரக்கணக்கில நோட்டிஸ் போய் மெயில் பெட்டி நிரம்பிட்டுது. ஹக் பண்ணிப்போட்டாங்களோ?

இல்ல, ரெண்டு மெசின் ஒண்டோட ஒண்டு சண்டை பிடிச்சிருக்கு. உங்கட பில்டர் ஒரு நோட்டிஸ் அனுப்பியிருக்கும், அங்கால ஆள் லீவு, அவரின்ர 'நான் லீவில நிக்கிறன்' எண்ட தானா பதில் வரும், அதில உங்கட நோட்டிஸ் அப்பிடியே மேற்கோளாக் கிடக்கும், அதில தடைச் சொல்லு இருக்கும், உங்கட பில்டர் அதப் பிடிச்சுத் திரும்ப நோட்டிஸ் அனுப்பும். சனி ஞாயிறு ஒருத்தரும் பாக்காட்டி முடிஞ்சுது கதை.

இதுக்கு 2004லயே ஆர்எஃப்சி 3834 எண்டு விதி எழுதி வைச்சிருக்கினம். தானா போற மெயிலின்ர தலைப்பகுதியில ஓட்டோ-சப்மிட்டட் எண்ட வரி இருக்கோணும், அந்த வரியோட வாற மெயிலுக்கு நீங்கள் தானா பதில் அனுப்பக்கூடாது. மறிச்ச அறிவித்தலின்ர திரும்பிப் போற விலாசம் வெறுமையா இருக்கோணும், அப்பத்தான் அதுக்குப் பதில் போக இடமில்ல. ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்பவும் போகக்கூடாது, லீவுப் பதிலுக்கு வழமையா ஒரு கிழமைக்கு ஒருக்கா, ஜிமெயிலில அதே ஆள் நாலு நாளைக்குப் பிறகு எழுதினாத்தான் திரும்ப ஒருக்காப் போகும். வாங்கப் போற மென்பொருளில இந்த மூண்டும் இருக்கா எண்டு விக்கிற ஆளிட்டக் கேளுங்கோ. முழுசினா வாங்காதேங்கோ.

இன்னொண்டு, பிடிபட்ட சொல்ல நோட்டிசில எழுதாதேங்கோ. ஒண்டு உங்கட நோட்டிசையே உங்கட பில்டர் பிடிக்கும், மற்றது கள்ளனுக்கு எந்தச் சொல்ல மாத்தி எழுதோணும் எண்டு நீங்களே பாடம் எடுக்கிறியள்.

சரி, எங்கட ஆக்களுக்குப் போற நோட்டிசில என்ன எழுதிறது?

ஆர் அனுப்பினது, எப்ப வந்தது, தலைப்பு என்ன, எத்தினை நாள் வைச்சிருப்பம், வெளிய எடுக்க ஆருக்குப் போன் பண்ணோணும். இவ்வளவுதான். கூட வந்த ஆங்கில நோட்டிஸ அப்பிடியே விட்டா ஒருத்தரும் வாசிக்கமாட்டினம், தமிழில எழுதுங்கோ, கொழும்பால வந்து வேலை செய்யிற ஆக்கள் இருந்தா சிங்களத்திலயும் ரெண்டு வரி. 'இறுதி எச்சரிக்கை' மாதிரித் தலைப்புப் போடாதேங்கோ. எங்கட சங்கத்தில ஒரு அக்கா 'கொள்கை மீறல் அறிவித்தல்' எண்டதப் பாத்திட்டு வேலை போகப்போகுது எண்டு அழுதவ. இப்ப தலைப்பு 'உங்களுக்கு வந்த மெயில் ஒண்டு மறிச்சு வைச்சிருக்கு', அவ்வளவுதான்.

மெயிலுக்கு ஒரு நோட்டிஸ் அனுப்பாமல் நாளுக்கு ஒருக்கா எல்லாத்தையும் சேத்து அனுப்புங்கோ, நாங்கள் காலமை ஏழரைக்கு விடுறம், ஒபிசுக்கு வந்து குந்தேக்க இருக்கும். கேள்வி மனு திறக்கிற நாள் மாதிரி அவசரமான நாளில மட்டும் ரெண்டு தரம்.

நோட்டிசில லிங்க் போடாதேங்கோ எண்டு நான் ஒற்றைக் காலில நிப்பன். 'உங்களுக்கு 5 மெயில் மறிபட்டிருக்கு, இதில அமத்துங்கோ' எண்டு வாற போலி நோட்டிஸ்தான் பாஸ்வேட் களவெடுக்க இப்ப நல்லா ஓடுற வழி, உங்கட உண்மையான நோட்டிசும் அதே மாதிரி இருந்தா ஆக்கள் எத நம்புறது? எங்கட நோட்டிசில லிங்க் ஒரு நாளும் இருக்காது, இருந்தா அது எங்களிட்ட இருந்து வந்ததில்ல எண்டு எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறம்.

மறிபட்ட மெயிலின்ர முழுப் பிரதியும் மனேஜருக்கும் போகட்டும் எண்டு கேக்கினம். செய்யலாமோ?

பட்டன் இருக்கு, ஏலும். ஆனா நான் செய்து குடுக்கிறேல்ல. எங்கட சனத்துக்குக் கடிதத்த வேறாள் உடைச்சு வாசிக்கிறது எண்டா என்னெண்டு புதுசா விளங்கப்படுத்தத் தேவையில்ல. பிள்ளைக்குச் சுகமில்ல எண்டு எழுதின மெயிலும், சம்பளக் கடன் கேட்டு எழுதினதும், பிழையான சொல்லு ஒண்டு பட்டதால மனேஜரின்ர மேசையில போய்க் கிடக்கும். 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எண்டும் ஒண்டு நாட்டில இருக்கு. தலைப்பும் திகதியும் எண்ணிக்கையும் போனாக் காணும். முழுசாப் பாக்கத்தான் வேணும் எண்டா அந்த மெயிலுக்குரிய ஆளையும் பக்கத்தில வைச்சுக்கொண்டு திறவுங்கோ.

நம்பிக்கையான ஆக்கள வெள்ளை லிஸ்டில போட்டா எல்லாம் சரிதானே?

அரைவாசி சரி. விலாசத்த மட்டும் பாத்து விடுற வெள்ளை லிஸ்ட் எண்டா அந்த விலாசத்தக் களவெடுத்து எழுதிற ஆளும் உள்ள வந்திடுவான். மெயில் உண்மையில அந்த விலாசத்துக்குரிய சேர்வரில இருந்துதான் வந்ததோ எண்டு பாக்கிற எஸ்பிஎஃப், டிகேஐஎம் சோதனை சரியா வந்தா மட்டும் விடு எண்டு சேத்துப் போடுங்கோ. உங்கட சொந்த டொமைன (விலாசத்தில @ குறிக்குப் பின்னால வாற பேர) வெள்ளை லிஸ்டில போடவே போடாதேங்கோ, சுத்துமாத்துக்காரன் முதல் பாவிக்கிறதே உங்கட தலைவரின்ர விலாசத்தத்தான், 'நான் கூட்டத்தில நிக்கிறன், உடன இந்தக் கணக்குக்குக் காசு போடு' எண்டு.

வெளிய போற மெயிலுக்கும் லிஸ்ட் போடலாமோ?

போடலாம், என்னைக் கேட்டா உள்ள வாறதிலும் பாக்க இதுதான் பிரயோசனம். தொண்டு நிறுவனத்தில பயனாளி லிஸ்ட் எண்டு எக்செல் ஒண்டு சுத்தும், பேர், அடையாள அட்டை இலக்கம், போன், வீட்டில எத்தினை பேர், ஆர் காணாமப் போனவை எண்டு வரைக்கும் அதில இருக்கும், அது பிழையான விலாசத்துக்குப் போனா அந்தக் குடும்பங்களுக்கு என்ன பதில் சொல்லுறது? இதுக்குச் சொல்லு தேவையில்ல, இலக்க வடிவம் காணும். பழைய அடையாள அட்டை எண்டா ஒன்பது இலக்கமும் பின்னால வி அல்லது எக்ஸ். 2016ல இருந்து வாறது 12 இலக்கம். வெறும் 12 இலக்கம் எண்டு மட்டும் போட்டா சில பாங்க் கணக்கு இலக்கமும் பிடிபடும், அதால இறுக்கிப் போடுங்கோ: முதல் நாலும் பிறந்த வருசம், அதால 19 அல்லது 20ல தொடங்கோணும், அடுத்த மூண்டும் வருசத்தில எத்தினையாவது நாள், ஆம்பிளையளுக்கு 001ல இருந்து 366, பொம்பிளையளுக்கு 500 கூட்டி 501ல இருந்து 866. இந்த வடிவம் ஒரு மெயிலில பத்துக்கு மேல வந்தா மட்டும் நிப்பாட்டுங்கோ. ஒருத்தர் தன்ர இலக்கத்த ஒருக்கா எழுதி அனுப்பிறதுக்கு நிப்பாட்டினா ஆக்கள் உங்களத் திட்டுவினம்.

இங்க மட்டும் அனுப்பினவருக்கு நோட்டிஸ் போகலாம், ஏனெண்டா அனுப்பினவர் உங்கட ஒபிஸ் ஆள், விலாசம் களவில்ல. 'இதில அடையாள அட்டை இலக்கங்கள் இருக்கு, இந்த விலாசத்துக்குத்தான் அனுப்பிறியளோ' எண்டு கேட்டாக் காணும்.

எங்களிட்ட சேர்வர் எல்லாம் இல்ல, ஜிமெயில் மட்டும்தான்.

அதிலயும் பில்டர் இருக்கு. முக்கியமான ஆக்களின்ர விலாசத்துக்கு 'ஸ்பாமுக்கு அனுப்பாதே' எண்டு ஒரு பில்டர் போடுங்கோ. ஸ்பாம் பெட்டியில 30 நாள்தான் வைச்சிருக்கும், பிறகு தானா அழியும், கிழமைக்கு ஒருக்கா எட்டிப் பாருங்கோ.

லிஸ்டில இருந்து ஒரு சொல்ல எப்ப எடுக்கிறது?

சேக்கிற அண்டே எடுக்கிற திகதியையும் எழுதுங்கோ. எங்கட லிஸ்டில ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில ஆர் கேட்டது, எந்த மெயிலால, எப்ப திரும்பப் பாக்கோணும் எண்டு இருக்கு. மூண்டு மாசத்தில ஒரு கெட்ட மெயிலையும் பிடிக்காத சொல்லு போகும். பிடிச்சதில பாதிக்கு மேல நல்ல மெயில் எண்டா அண்டைக்கே போகும். இப்ப எங்களிட்ட 41 சொல்லு இருக்கு, மென்பொருளோட வந்ததில மிஞ்சினது ஒன்பது. 'பண' இன்னும் அந்தக் கோப்பில கிடக்கு, முன்னால குறி போட்டு நிப்பாட்டி, பக்கத்தில 'கோழித் தீன்' எண்டு எழுதி வைச்சிருக்கிறன், அடுத்து இந்த வேலைக்கு வாற பிள்ளை திரும்பவும் சேக்கக்கூடாது எண்டு.